கணினி நிரலில் இடைச்செருகல்

முற்காலத்துக் கள்வர்க்குக் கன்னக்கோல் இன்றியமையாத கருவியாயிருந்தது. வீட்டார் உறங்கும் பொழுதறிந்து, சுவரைத் துளைத்து, உட்புகுந்து, கையில் அகப்பட்டதைக் கொண்டு ஓடுவது அவர்தம் தொழில். கணினி வழியாகக் களவு செய்வோரும் தொடக்கத்தில் இவ்வாறே சுவரைத் துளைப்பதில் கருத்தூன்றி நின்றனர். அதனை அறிந்த அலுவலகங்கள் சுவரை உயர்த்தின, பூட்டை மாற்றின, காவலைப் பெருக்கின. ஆயினும், சென்ற பத்தாண்டுகளில் நிகழ்ந்த பெருங்களவுகளை எடுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றுட் பலவற்றில் சுவர் துளைக்கப்படவே இல்லை. வீட்டாரே எழுந்து சென்று கதவைத் திறந்தனர். கள்வன் உடன் பணியாற்றுவோன் குரலில் பேசி உள்ளே வந்தான். அன்றேல், மாதந்தோறும் வழக்கமாக வந்திறங்கும் அரிசி மூட்டையினுள் ஒளிந்து வந்தான்.

இவ்விரு வழிகளைக் குறித்தும் என் கருத்தைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். தமிழ் பயில்வார்க்குக் கணினிக் களவைப் பற்றிப் பேசும் உரிமை யாது என விஞ்ஞான வகுப்புத் தோழர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். பழைய ஏடுகளிற் புகுந்த இடைச்செருகல்களைப் பற்றி ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவர்க்கு இப்பொருள் அவர்கள் எண்ணுமளவு அயலானதன்று.

முதலில், உடன் பணியாற்றுவோன் குரலில் பேசும் கள்வனை நோக்குவோம். இற்றைநாளில் அலுவலகத்தார் ஒருவரோடொருவர் பேசுவதும், ஆவணங்களைப் பகிர்வதும், கூட்டங் கூடுவதும் ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ் முதலிய செயலிகளிலேயே பெரிதும் நிகழ்கின்றன. 2020-இல் கொள்ளைநோய் பரவி, மக்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பின்னர், அலுவலகத்திற்குத் துணையாயிருந்த இச்செயலிகள் பலர்க்கு அலுவலகமாகவே ஆயின. அறியாதாரிடமிருந்து வரும் மின்னஞ்சலைக் கண்டு ஐயுறுதற்கு நாம் ஒருவாறு பழகியிருக்கின்றோம். ஆனால், இச்செயலிகளுள் ஒரு செய்தி வந்தால், அஃது அடுத்த அறையிலிருந்து வந்ததாகவே மனம் கொள்கின்றது. அம்மனநிலையே கள்வர்க்கு முதலாயிற்று.

2021 ஜூன் மாதத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தில் நிகழ்ந்த களவைக் கூறலாம். கள்வர் தாமே செய்தியாளரிடம் உரைத்தபடி, அவர்கள் செலவிட்ட முதல் பத்து டாலர். ஊழியர் ஒருவரின் உலாவியிலிருந்து திருடப்பட்ட குக்கி என்னும் அடையாளத் துணுக்கை அப்பணத்திற்கு வாங்கி, அதனைக் கொண்டு அந்நிறுவனத்தின் ஸ்லாக் அறைக்குள் நுழைந்தனர். நுழைந்தவர், கணினி உதவிப் பிரிவினரிடம், "நேற்றிரவு விருந்தொன்றில் என் தொலைபேசியைத் தொலைத்துவிட்டேன்" என்று முறையிட்டு, உள்நுழைதற்குரிய புதிய அனுமதியைக் கேட்டனர். உதவிப் பிரிவினர் உதவினர். விளையாட்டுகளின் மூலநிரல்கள் களவு போயின. எந்தப் பூட்டு உடைந்தது? ஒன்றும் உடையவில்லை. இரங்கத்தக்க நிலையிலுள்ள உடன் ஊழியர்க்கு உதவுதல் என்னும் நற்குணமே இங்கே சாவியாயிற்று.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்திற்கு நேர்ந்ததும் இதனோடொத்ததே. ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல்லைப் பெற்ற கள்வன் மீண்டும் மீண்டும் உள்நுழைய முயன்றான். முயலுந்தோறும் அவ்வூழியரின் தொலைபேசியில், "இசைகின்றீரா?" என்னும் வினா எழுந்தது. பலமுறை மறுத்தவர் ஒருமுறை இசைந்துவிட்டார். பின்னர்க் கள்வன் நிறுவனத்தார் அனைவரும் காணும் ஸ்லாக் அறையிலேயே, யான் உள்ளே இருக்கின்றேன் என்னும் கருத்துப்படச் செய்தி எழுதினான். அதனைக் கண்ட ஊழியருட் சிலர் யாரோ வேடிக்கை செய்கின்றனர் எனக் கருதினராம்.

2023-இல் இம்முறை மேலும் நுட்பமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, ரஷிய நாட்டின் வெளியுளவுத் துறையைச் சார்ந்த கூட்டத்தார், சிறு வணிகர் சிலரின் மைக்ரோசாப்ட் கணக்குகளை முதலிற் கைப்பற்றி, அவற்றிற்குப் பாதுகாப்புப் பிரிவு போன்ற பெயரிட்டு, அப்பெயரால் டீம்ஸ் வழியே பிறர்க்குச் செய்தி விடுத்தனர். ஓர் எண்ணைத் தொலைபேசியில் இடுமாறு கேட்டனர். இட்டவர் தம் கணக்கை இழந்தார். தாக்கப்பட்ட நிறுவனங்கள் நாற்பதுக்குட்பட்டனவே. ஆயினும் இக்கூட்டத்தாரை வாசகர் நினைவிற் கொள்க; இவர்களை மற்றோரிடத்தில் மீண்டும் சந்திப்போம். அடுத்த ஆண்டில், பணம் பறிக்கும் கூட்டமொன்று, ஒருவரின் மின்னஞ்சற் பெட்டியை ஆயிரக்கணக்கான குப்பைக் கடிதங்களால் முதலில் நிரப்பி, அவர் திகைத்து நிற்கும் வேளையில், "கணினி உதவிப் பிரிவிலிருந்து பேசுகின்றோம், இத்தொல்லையைத் தீர்த்துவைக்கின்றோம்" என அழைத்து, குவிக் அசிஸ்ட் என்னும் உதவிச் செயலி வழியாகக் கணினியைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டது. தீ வைத்தவனே நீர்க்குடத்தோடு வந்து நின்றான்.

இத்தகைய களவு நிகழ்ந்தவுடன் அலுவலகங்கள் செய்வது யாது? பொத்தானை அழுத்திய ஊழியரைத் தேடிப் பிடித்துக் கடிந்துரைப்பதும், "எச்சரிக்கையாயிருங்கள்" எனச் சுவரெங்கும் ஒட்டுவதுமே. இது முறையன்று என்பது என் துணிபு. விரைந்து விடை கூறுக, கேட்டவுடன் உதவுக, தடை சொல்லாது இணங்குக என ஓராண்டு முழுவதும் பழக்கிய நிறுவனம், ஒரு நாள் அவ்வாறே செய்தவரைக் குற்றவாளியாக்குகின்றது. உதவி கேட்பவரை அவர்தம் பதிவு செய்த எண்ணில் திரும்ப அழைத்து உறுதி செய்யும் விதியை வகுப்பதும், அவ்விதியைக் கடைப்பிடித்தற்காக மேலதிகாரி ஒருவர் சினந்தால் ஊழியர்க்குத் துணை நிற்பதும் நிறுவனத்தின் கடன். ஐயங் கொள்ளுதற்கு உரிமையளிக்கப்படாதவரை, ஏன் ஐயங் கொள்ளவில்லை எனக் கேட்டல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, அரிசி மூட்டையினுள் வரும் கள்வனைப் பற்றி. இவனே பெருங்கள்வன்.

மென்பொருள் எதனையும் ஒருவர் முழுமையாகத் தாமே எழுதுவதில்லை. முன்னரே பிறர் எழுதி வைத்த சிறு நிரற்பகுதிகள் பலவற்றை எடுத்து அடுக்கி, மேலே தம் பகுதியைக் கட்டுகின்றனர். அச்சிறு பகுதிகள் வேறு பகுதிகளைச் சார்ந்தன. அவையும் பிறிதொன்றைச் சார்ந்தன. ஆகவே, ஒரு மென்பொருள் நம் கைக்கு வருமுன் நூற்றுக்கணக்கானோர் கையைத் தொட்டு வருகின்றது. இதனையே வழங்கல் சங்கிலி என்பர். வந்த பின்னரும் அது நிலைத்து நிற்பதன்று. குறைகளைத் திருத்தப் புதுப்பிப்புகள் வந்தவண்ணமிருக்கும். புதுப்பிப்பை உடனே ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை என அறிஞர் பலகாலும் வற்புறுத்தி வந்திருக்கின்றனர்; அதுவும் உண்மையே. ஆனால், அப்புதுப்பிப்பின் ஊற்றிலேயே நஞ்சு கலந்துவிட்டால், அறிவுரையைக் கேட்டு நடந்தவரே முதலில் மடிவர்.

உக்ரைன் நாட்டில் நிகழ்ந்தது இதுவே. அந்நாட்டு வணிகர் பலர் வரிக்கணக்கு எழுத எம்.ஈ.டாக் என்னும் மென்பொருளைக் கையாண்டு வந்தனர். 2017 ஜூன் 27-ஆம் நாள், அதன் புதுப்பிப்பு வழியாக நாட்பெட்யா எனப் பின்னர்ப் பெயர் பெற்ற தீநிரல் பரவிற்று. அது பணங் கேட்பது போல் நடித்ததேயன்றி, கணினிகளை மீளா வண்ணம் அழிப்பதே அதன் நோக்கம். உக்ரைனோடு நில்லாது, அங்கே அலுவலகம் வைத்திருந்த அயல்நாட்டு நிறுவனங்களையும் அது பற்றியது. டென்மார்க்கு நாட்டின் மெர்ஸ்க் என்னும் கப்பல் நிறுவனம் ஏறத்தாழ 4,000 வழங்கிக் கணினிகளையும் 45,000 மேசைக் கணினிகளையும் பத்தே நாளில் மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. அதன் வலையமைப்புக்கு அடிப்படையான பதிவுக் கணினிகள் உலகெங்கும் அழிந்துபோக, ஒன்று மட்டும் தப்பிற்று. அஃது ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இருந்தது; தாக்குதல் நிகழ்ந்த வேளையில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் அக்கணினி வலையமைப்போடு இணைந்திருக்கவில்லை. அதன் தகவலை ஆள்மூலமாக நைஜீரியா வழியே இலண்டனுக்குக் கொண்டு சென்று நிறுவனத்தை மீட்டனர். மின்தடையை வாழ்த்தியவர் உலகில் அன்று அவர்களே போலும்! இத்தீநிரலால் உலகில் நேர்ந்த மொத்த இழப்பு ஆயிரங் கோடி டாலர் என அமெரிக்க அரசினர் மதிப்பிட்டனர். அவ்வரசும் பிரிட்டிஷ் அரசும் 2018-இல் இதனை ரஷியப் படைத்துறையின் செயலென அறிவித்தன.

மூன்றாண்டு கழித்து அமெரிக்காவிலேயே இதனினும் நுண்ணியதொரு களவு வெளிப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சோலார்விண்ட்ஸ் நிறுவனம் ஓரையன் என்னும் மென்பொருளை ஆக்கி விற்றது. பெரு நிறுவனங்கள் தம் கணினி வலையமைப்பைக் கண்காணித்தற்குக் கொள்வது அது. 2020 மார்ச்சுத் திங்கள் முதல் வெளியான அதன் புதுப்பிப்புகளில் அயலான் நிரல் கலந்திருந்தது. ஏறத்தாழ 18,000 நிறுவனங்கள் அதனைத் தாமே எடுத்து ஏற்றிக்கொண்டன. அவற்றுள் அமெரிக்க நடுவணரசின் ஒன்பது துறைகளும் நூறளவிலான தனியார் நிறுவனங்களும் மெய்யாகவே ஊடுருவப்பட்டன. உள்ளே புகுந்த நிரல் இரண்டு கிழமை வரை யாதொன்றும் செய்யாது வாளா கிடந்த பின்னரே கண் விழித்தது என்பர். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ? இதனைச் செய்தவர் ரஷிய வெளியுளவுத் துறையார் என அமெரிக்க அரசும் பிரிட்டிஷ் அரசும் 2021-இல் அறிவித்தன. மேலே டீம்ஸ் செயலியில் நாம் கண்ட அதே கூட்டத்தார்.

இதில் என் கருத்தைக் கவர்ந்த செய்தி இரண்டு. ஒன்று, அந்நிறுவனத்தார் எழுதி வைத்திருந்த மூலநிரலில் இச்செருகல் காணப்படவில்லை. மூலநிரலைக் கணினிக்கு ஏற்ற வடிவமாக மாற்றும் தொகுப்பு வேலை நடக்கும் அச்சிறு பொழுதில் மட்டும் ஒரு கோப்பை மாற்றி வைத்து, வேலை முடிந்தவுடன் பழையதை மீண்டும் வைத்துவிட்டனர். மூலத்தைப் படித்தவர்க்குக் குற்றம் ஒன்றும் தோன்றாது. மற்றொன்று, களவு வெளிப்பட்ட வகை. பயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனமும் இதே புதுப்பிப்பால் ஊடுருவப்பட்டிருந்தது. அங்கே ஊழியர் ஒருவர் பெயரில் இரண்டாவது தொலைபேசி பதிவாகியிருப்பதைக் கண்ட ஒருவர், அவ்வூழியரை அழைத்து, "இஃது உம்முடையதா?" என வினவினார். "அன்று" என விடை வந்தது. 18,000 நிறுவனங்களின் காவற்கருவிகள் காணாததை இவ்வொரு சிறு வினா காட்டிக் கொடுத்தது.

இவ்விரு வகைக் களவும் ஒன்றோடொன்று பிணைந்தது 2023 மார்ச்சில். திரீசிஎக்ஸ் என்பது அலுவலகத்தார் தம்முள் பேசுதற்கும் காணொலிக் கூட்டம் நடத்துதற்கும் உரிய செயலி. ஆறு இலட்சத்திற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தன் வாடிக்கையாளர் என அந்நிறுவனம் கூறியிருந்தது. அச்செயலியின் புதுப்பிப்பு, நிறுவனத்தின் மெய்யான கையொப்பத்தோடேயே, நஞ்சு கலந்து வெளிவந்தது. நஞ்சு எவ்வாறு கலந்தது என ஆராய்ந்த மாண்டியன்ட் நிறுவனத்தார் வியத்தகு செய்தியொன்றைக் கண்டனர். திரீசிஎக்ஸ் ஊழியர் ஒருவர் தம் சொந்தக் கணினியில், பங்கு வணிகத்திற்குரிய வேறொரு நிறுவனத்தின் மென்பொருளை இறக்கியிருந்தார். 2020-இலேயே கைவிடப்பட்ட அம்மென்பொருள் 2022 வரை அந்நிறுவனத்தின் தளத்தில் நீக்கப்படாமல் கிடந்தது. அதனுள் முன்னரே நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. ஒரு சங்கிலியின் கண்ணி மற்றொரு சங்கிலியின் கண்ணியைத் தொற்றிற்று. இது வடகொரியாவைச் சார்ந்த கூட்டத்தாரின் செயலென்பது அவர்தம் முடிபு. களவு வெளிப்படுமுன் சில நாட்களாகவே பாதுகாப்பு மென்பொருள்கள் சில எச்சரித்தவண்ணமிருந்தன. பொய்யெச்சரிக்கை எனப் பலர் அதனை ஒதுக்கினர், கையொப்பம் சரியாயிருந்ததன்றோ!

இதுகாறும் கூறியவை யாவும் வணிக நிறுவனங்களின் மென்பொருளைப் பற்றியவை. இனிக் கூறப்போவது, ஊதியம் பெறாத ஒரு தனி மனிதரைப் பற்றியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எக்ஸ்இசட் என்பது தகவலைச் சுருக்கி வைக்கும் ஒரு சிறு மென்பொருள். அதன் பெயரை நம்மில் ஒருவரும் கேட்டிரார். ஆயினும், இணையத்தைத் தாங்கி நிற்கும் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் அஃது உண்டு. பின்லாந்து நாட்டினர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் ஓய்வு நேரத்தில் அதனைப் பேணி வந்தார். 2021-இல் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் தோன்றி, சிறு சிறு திருத்தங்களை எழுதி உதவத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. வேலை மிகத் தாமதமாகின்றது, பேணுவார்க்கு அக்கறையில்லை, வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன என்பன அவற்றின் சாரம். அவர் விடை எழுதினார்: தம் மனம் தளர்ந்திருப்பதையும், இஃது ஊதியமின்றிச் செய்யும் பொழுதுபோக்குப் பணி என்பதையும் நினைவூட்டினார். அக்கடிதங்களை எழுதியவர் ஒருவரும் மெய்யான மனிதரல்லர் என்றே இன்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அவற்றின் நோக்கம் ஈடேறிற்று. சோர்ந்திருந்தவர் அருகில் உதவிக் கரமாக நின்றவர் ஜியா டான் ஒருவரே. பொறுப்பு மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்தது. 2023-இல் புதிய பதிப்புகளை அவரே வெளியிட்டார்.

2024 பிப்ரவரியில் 5.6.0 என்னும் பதிப்பும், மார்ச்சில் 5.6.1 என்னும் பதிப்பும் வெளிவந்தன. அவற்றுள் ஒரு கொல்லைப்புறக் கதவு இருந்தது. அதனை அமைத்த திறம் அஞ்சத்தக்கது. சோதனைக்கு வைத்த கோப்புகள் போன்று தோன்றும் இரண்டினுள் நஞ்சை மறைத்தனர். அதனை வெளியே எடுக்கும் சில வரிகளை, யாவரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் வையாமல், வெளியீட்டுப் பொதியில் மட்டும் செருகினர். களஞ்சியத்தைப் படிப்பவர் பொதியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பொதியை ஏற்பவர் களஞ்சியத்தோடு ஒத்திட்டுப் பார்ப்பதில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியிலே கள்வன் குடியிருந்தான். டெபியன், பெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளில் அது புகுந்தும்விட்டது. இன்னும் சில மாதம் சென்றிருப்பின், உலகெங்குமுள்ள வழங்கிக் கணினிகளில் தொலைவிலிருந்து நுழையும் வாயிலுக்கு மாற்றுச் சாவி அவனிடத்தே இருந்திருக்கும்.

அதனைக் கண்டவர் ஆண்டிரெஸ் பிராய்ண்டு என்னும் மென்பொருள் வல்லுநர். அவர் கள்வரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. தகவற்றளம் ஒன்றின் விரைவை அளந்துகொண்டிருந்தபொழுது, தொலைக் கணினியில் நுழைதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாகச் செல்வதைக் கவனித்தார். அரை நொடி! கண் இரண்டு முறை இமைக்கும் நேரம். வேறொருவராயின் கணினிக்கு இன்று உடல்நலமில்லை எனக் கூறி எழுந்து சென்றிருப்பர். அவர் விடவில்லை. முன்னொரு நாள் வேறொரு சோதனையில் தோன்றிய சிறு முரண்பாடும் அவர் நினைவிற்கு வந்தது. இரண்டையும் இணைத்துத் துருவிச் சென்று, 2024 மார்ச்சு 29-ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். ஜியா டான் என்னும் பெயருடையார் அதன் பின்னர்க் காணப்படவில்லை. அவர் இன்னார் என எவரும் இதுகாறும் நிறுவிக் காட்டியதுமில்லை.

இந்நிகழ்ச்சியைக் கேட்ட சிலர், "ஊரார் பலர் கைபடும் இலவச மென்பொருளை நம்பியதன் பயன் இது, காசு கொடுத்து வாங்கியிருந்தால் வாராது" என்கின்றனர். இக்கூற்று சோலார்விண்ட்ஸ் வரலாற்றை மறந்தார் கூற்று. அதற்குக் காசு கொடுத்தே வாங்கினர். எக்ஸ்இசட் மென்பொருளின் நிரல் எல்லாரும் காணத் திறந்து கிடந்தமையாலன்றோ, அயலார் ஒருவர் தம் ஐயத்தைப் பின்பற்றி அடிவரை செல்ல இயன்றது? ஆனால், திறந்து கிடப்பது வேறு, படிக்கப்படுவது வேறு. நூல்நிலையத்தில் நூல் உண்டு என்பதனால் மட்டும் அதனைப் படித்தார் உளர் என்பது பெறப்படாது என்பதை நம் நூல்நிலைய அலமாரிகளைக் கொண்டே அறியலாம்.

இங்கேதான் எங்கள் வகுப்புப் பாடம் எனக்கு நினைவிற்கு வந்தது. ஏடு பெயர்த்தெழுதியோர் கைப்பிழையாலும், சிலபொழுது கருத்தோடும், நூல்களுள் புதியன புகுந்தன. ஓரேட்டை மட்டும் கையில் வைத்திருப்பவர் எத்துணைக் கற்றவராயினும் இடைச்செருகலை உறுதியாகக் காணுதல் அரிது. செருகியவனும் யாப்பறிந்தவனாயிருப்பின் சொல்ல வேண்டுவதில்லை. வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாதார் எழுதிய ஏடுகளைக் கொணர்ந்து ஒப்புநோக்கும்பொழுதே அது தலை காட்டும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிய உழைப்பை நாம் அறிவோம். மென்பொருளுலகம் இப்பொழுது மெல்லக் கற்றுவருவதும் இதுவே. ஒரே மூலநிரலை ஒருவரையொருவர் சாராத இருவர் தத்தம் கணினியில் தனித்தனியே தொகுத்து, விளைந்த இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திட்டுப் பார்த்தல் வேண்டும் என்பது அம்முறை. டெபியன் குழுவினர் 2013 முதல் இதற்காக உழைத்து வருகின்றனர். சோலார்விண்ட்ஸ் களவு போன்றதற்கு இது நேரான மருந்து. எக்ஸ்இசட் களவிற்கு இது மட்டும் போதாது; அங்கே பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்புநோக்குதலே வேண்டியிருந்தது.

இவ்வச்சம் புதிதுமன்று. யூனிக்ஸ் இயக்குதளத்தை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தாம்சன், டியூரிங் பரிசு பெற்றபொழுது நிகழ்த்திய சொற்பொழிவு 1984-இல் அச்சாயிற்று. மூலநிரலில் ஒரு குற்றமும் இல்லாதிருக்கவும், அதனைத் தொகுக்கும் கருவியே இரகசியக் கதவை ஒவ்வொரு முறையும் செருகும்படி செய்தல் கூடும் என்றும், அக்கருவியைப் புதிதாகத் தொகுக்கும்பொழுது அத்தீமை தானே அதனுள்ளும் மீண்டும் புகும்படி செய்தல் கூடும் என்றும் அவர் விளக்கினார். நாற்பதாண்டுகளுக்கு முன் கூறப்பட்டது. கேட்டவர் வியந்தனர், பாராட்டினர், தத்தம் வேலைக்குத் திரும்பினர்.

ஒப்புநோக்குதற்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சோறு வேண்டும். 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் பெருங்குறையொன்று கண்டுபிடிக்கப்பட்டது. இணைய வணிகத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாயிருந்த அதனைப் பேணியோர்க்கு ஆண்டொன்றிற்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்பது அப்பொழுதே வெளிவந்தது. பெருநிறுவனங்கள் நாணிச் சிறிது பணம் திரட்டின. எனினும், அடுத்த பத்தாண்டில் எக்ஸ்இசட் அதே நிலையில், தனியொருவர் ஓய்வு நேரத்தை நம்பியே நின்றது. 2025 செப்டம்பரிலும் இதுவே கதை. என்.பி.எம். களஞ்சியத்தில் பொதிகளைப் பேணும் ஒருவர்க்குப் போலி மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதனை நம்பியதனால், கிழமைதோறும் மொத்தம் இருநூறு கோடி முறைக்கு மேல் இறக்கப்படும் 18 பொதிகளில் நஞ்சு கலந்தது. சில மணி நேரத்திற்குள் கண்டு நீக்கினர். அதே மாதத்தில் தானே பரவும் தீநிரல் ஒன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட பொதிகளைத் தொற்றிற்று. கடிந்துரைகள் யாவும் அப்பேணுவோர் தலையிலேயே விழுந்தன. அவர் உழைப்பை இலவசமாக எடுத்துக் கோடி கோடியாக ஈட்டியவர் வாயிலிருந்தும் அவை வந்தமைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பயன்கொள்பவரே காவற்செலவை ஏற்றல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டமொன்று இவ்வழியிற் செல்கின்றது. மென்பொருளை விற்பவர் தாம் எடுத்தாண்ட பகுதிகளுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்றும், ஊதியமின்றி எழுதித் தருபவர்மேல் அச்சுமை ஏறலாகாது என்றும் அது பிரித்து வகுக்கின்றது. அதன் முதன்மையான விதிகள் 2027 டிசம்பர் முதல் செல்லும். ஜெர்மனி 2022 முதல் பொதுப்பணத்தைக் கொண்டே இத்தகைய அடிப்படை மென்பொருள்களைப் பேணுவார்க்கு ஊதியமளித்து வருகின்றது. பாலத்தையும் ஏரிக்கரையையும் பேண வரிப்பணம் செலவிடுவது இயல்பாயின், இதனை மட்டும் ஏன் ஒருவரின் ஓய்வு நேரத்திற்கு விடுதல் வேண்டும்?

இக்கல்லூரியில் கணிதமும் கணினியியலும் பயிலும் தோழர் பலர், இன்னும் ஓரிரண்டாண்டில் இத்தகைய பொதிகளை நாள்தோறும் எடுத்தாளும் நிறுவனங்களிற் சேர்வர். பழைய மாணவருட் சிலர் அந்நிறுவனங்களில் உயர்ந்த இருக்கையில் அமர்ந்துமிருக்கின்றனர். அவர்களை ஒன்று கேட்பேன். தம் நிறுவனம் எந்தெந்தப் பொதிகளின்மேல் நிற்கின்றது என்னும் பட்டியல் அவர்களிடம் உண்டா? அப்பட்டியலில், தனியொருவர் தாங்கி நிற்கும் பொதிகள் எத்துணை? அவ்வொருவர்க்குத் தம் நிறுவனம் இதுவரை அனுப்பியது ஊதியமா, உதவியாளரா, விரைந்து முடிக்குமாறு வற்புறுத்தும் கடிதமா?

எக்ஸ்இசட் பின்னர் என்னவாயிற்று எனச் சிலர் வினவலாம். களவு வெளிப்பட்ட பின்னர், ஜியா டான் கைபட்ட மாற்றங்கள் யாவும் மீண்டும் ஆராயப்பட்டன. கொல்லைப்புறக் கதவு நீங்கிய 5.6.2 என்னும் பதிப்பு இரண்டு மாதம் கழித்து, 2024 மே 29-ஆம் நாள் வெளிவந்தது. அவ்வாராய்ச்சியை முன்னின்று செய்து அதனை வெளியிட்டவர், மனம் தளர்ந்தேன் என முன்னர் எழுதிய அதே பின்லாந்து நாட்டினர்.